வேதாகமத்தில் 91-ஆம் சங்கீதத்தை வாசிக்கவே முடியவில்லை, என்ன செய்வது?

மூத்தமகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வீட்டில் கேட்டால் அழுகைதான் மிஞ்சும், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டை எடுத்தோம், வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்த அட்டை. அம்மாவுக்கு வந்தது "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது" (சங்கீதம் 91:10). அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்த கையோடு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினார். பிப்ரவரி இரண்டாம் வாரம், காலையில் தோசை மாவு எடுக்க அதே ஃப்ரிட்ஜைத் திறந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, அவருக்குச் சொல் வருவதில்லை. எட்டு மாதம் ஆகிறது.

அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்துப்போடவும் மனசில்லை. ஒவ்வொரு தடவை பால் எடுக்கும்போதும் கண்ணில் படுகிறது.

போன மாதம் ஜெபிக்க வந்த ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, விசுவாசம் குறைந்தால்தான் வியாதி இப்படி நீளும் என்று அம்மா காதுபடவே சொன்னார். பதில் சொல்ல அம்மாவுக்குப் பேச்சில்லை. இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தாலே கோபம் வருகிறது. சங்கீதத்திலிருந்து நம்பிக்கை கிடைத்தது என்று எத்தனையோ பேர் சாட்சி சொல்கிறீர்கள். எந்த நம்பிக்கை? சொன்னது நடக்கவில்லை என்றால் அப்புறம் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வசனப்பெட்டி

சகோதரி, சோர்ந்துபோகாதீர்கள். 23, 27, 34, 46, 103, 121 இந்த ஆறையும் தினமும் காலை மாலை சத்தமாக அறிக்கை செய்யுங்கள். குறிப்பாக 103:3, "உன் நோய்களையெல்லாம் குணமாக்கி". அவிசுவாச வார்த்தை ஒன்றும் வாயிலிருந்து வரக்கூடாது, அது முக்கியம். அம்மா எழும்பி நடப்பார், நீங்கள் இங்கேயே சாட்சி எழுதுவீர்கள்.

மூத்தமகள்

தப்பாக நினைக்காதீர்கள் பிரதர். அந்த ஆறும் எனக்கு மனப்பாடம், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். 103:3-ஐ இதுவரை பதினோரு பேர் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள், எண்ணிவைத்திருக்கிறேன். அவிசுவாச வார்த்தை வரக்கூடாது என்கிறீர்கள். வாயில் வார்த்தையே வராத அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது?

நெறியாளர்

அபிஷேக எண்ணெய், போன் நம்பரோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் விற்பனை வேண்டாம்.

பழைய உபதேசியார்

மகளே, முப்பது வருஷம் அந்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தவன் நான். அதனால் என் பங்குக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது. அட்டைக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலையும் சில வருஷம் செய்திருக்கிறேன். எப்படி எடுப்போம் தெரியுமா? சங்கீதத்தைப் புரட்டிக்கொண்டே போவோம், இனிப்பானதைக் குறித்துக்கொள்வோம், கசப்பானதைத் தாண்டிவிடுவோம். 150 சங்கீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடும் புலம்பலும்தான், அட்டையில் அதில் ஒன்றும் வராது. "என் கண்ணீரே எனக்கு உணவாயிற்று" என்று புத்தாண்டு ராத்திரியில் யாருக்காவது கொடுத்தால் ஐயர் என்னைச் சும்மா விடுவாரா? அட்டையை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சங்கீதம் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் மாதிரித் தெரிகிறது, கஷ்டம் வந்ததும் ஏமாற்றப்பட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

91-ஐப் பற்றி ஒன்று. இந்தச் சங்கீதத்தை வேதத்திலேயே ஒருவன் வாக்குத்தத்த அட்டை மாதிரி உருவி நீட்டியிருக்கிறான், மத்தேயு 4:6 பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் கையில் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று பிசாசு எடுத்துக்காட்டியது இந்த 91-ஐத்தான், 11, 12 வசனங்கள். இயேசு குதிக்கவில்லை. வசனம் பொய் என்றும் சொல்லவில்லை. அதை வைத்துத் தேவனைப் பரீட்சை பார்க்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான். அப்புறம் அதே சங்கீதத்தில் 15-ஆம் வசனத்தை வாசியுங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து". ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பது எதற்கு? உங்கள் அம்மாவின் அட்டையில் 10 இருந்தது, 15 இல்லை. இரண்டையும் சேர்த்து அச்சடிக்க அட்டையில் இடம் போதாது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோபம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அதோடேயே 13-ஐத் திறங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு தரம் "எதுவரைக்கும்". என்னை எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்று தேவன் முகத்துக்கு நேரே கேட்கிறான். மறந்துவிட்டீரா என்றுகூடக் கேட்கவில்லை. மறந்தது உறுதி, கணக்கு எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி! இதை அவிசுவாச வார்த்தை என்று யாரும் வேதத்திலிருந்து வெட்டிப்போடவில்லையே.

கேள்விக்குறி

நான் கிறிஸ்தவன் இல்லை, இருந்தாலும் இங்கே அடிக்கடி வாசிப்பவன். ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. நல்லது நடந்தால் 103, கெட்டது நடந்தால் 13. எது நடந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பாட்டு கையில் இருக்கிறது. அப்படியென்றால் இது மனதைத் தேற்றிக்கொள்ளும் வித்தை என்பதைத் தாண்டி வேறென்ன? எங்கள் ஊரில் பாட்டி ஒப்பாரி வைப்பார், எமனை வாய்க்கு வந்தபடி ஏசுவார், அழுது முடித்ததும் பாரம் இறங்கிவிடும். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மணக்குடி அலை

இதற்கு நான் பதில் சொல்கிறேன், முதலில் வந்த அக்காவுக்கும் சேர்த்து. நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்கு இது திருப்பாடல். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் குடில்கூடப் பிரிக்கவில்லை. கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலத்தையே கடல் அடித்துக்கொண்டு போனது என்றால் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சித்தப்பா வீட்டில் இரண்டு பேர் போனார்கள், ஒருத்தி எனக்குப் பிறகு பிறந்தவள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் எனக்கு 46 ஆகாது. தண்ணீர் கொந்தளித்துப் பொங்கினாலும் பயப்பட மாட்டோம் என்று பூசையில் எல்லோரும் பாடும்போது வெளியே போய் நின்றுகொள்வேன், எழுதினவன் கடலைப் பார்த்திருக்கவே மாட்டான் என்று தோன்றும். ஒருநாள் 42-ல் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். அலைகளும் திரைகளும் என்மேல் புரண்டு போகின்றன என்று வரும், ஏழாம் வசனம். அதில் வெறும் அலை இல்லை, "உம்" அலைகள். 88-லும் அப்படித்தான். எங்கள் ஊரில் அந்த வருஷம் முழுக்க இதுதான் பேச்சு. கடவுள் அனுப்பினாரா, அனுமதித்தாரா, அவருக்குச் சம்பந்தமே இல்லையா என்று. நிவாரணத்துக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்தப் பாட்டுக்காரன் விளக்கம் ஒன்றும் தரவில்லை. உம்முடையதுதானே, நீரே சொல்லும் என்று கேட்கிறான்.

ஒப்பாரிக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடலைத் திட்டிப் பிரயோசனமில்லை, கடலுக்குக் காது கிடையாது. காது இருக்கிறவரிடம்தான் கத்த முடியும். நான் ஆறு மாதம் கத்தினேன். கத்துகிற வரைக்கும் அவர் இருக்கிறார் என்றுதானே நினைத்திருக்கிறேன்! இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பதில் வந்ததா என்றால், இல்லை. பாலம் திரும்பக் கட்டினார்கள், தங்கச்சி திரும்ப வரவில்லை.

மூத்தமகள்

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 88 என்றீர்களே, அதை நான் முழுசாக வாசித்ததே இல்லை, இப்போதுதான் வாசித்தேன். கடைசி வரைக்கும் விடியவே இல்லையே! 13-ல் கூடக் கடைசியில் "அவரைப் பாடுவேன்" என்று முடிக்கிறான்.

மணக்குடி அலை

ஆமாம் அக்கா. எங்கள் மொழிபெயர்ப்பில் "இருளே என் நெருங்கிய நண்பன்" என்று முடியும். சாமியார்களும் கன்னியர்களும் தினம் சொல்லும் திருப்புகழ்மாலை என்கிற செபத்தொகுப்பில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இதுதான் திருப்பாடல். வாரா வாரம், இதைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள்.

மூத்தமகள்

எங்கள் வேதாகமத்தில் இருள் இல்லையே? "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்றுதான் இருக்கிறது. முதல் மூன்று மாதம் நிறைய பேர் வந்தார்கள், இப்போது யாரும் வருவதில்லை, அதனால் எனக்கு இதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய உபதேசியார்

சங்கீதத்தின் மூலமொழியான எபிரேயத்தில் கடைசிச் சொல் இருள்தான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, தெரிந்த ஐயர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது "மறைந்துபோனார்கள்" ஆகிவிட்டது. என் அறிமுகங்களெல்லாம் இருள் என்பது போல நெருக்கிப்பிடித்த ஒரு வாக்கியம், எப்படியும் பிரிக்கலாம். இருட்டு என்றே விட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் முதல் வசனத்தை விட்டுவிடாதீர்கள். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிட ஆரம்பிக்கிறான். மொத்தப் பாட்டிலும் வெளிச்சம் அந்த ஒரே இடத்தில்தான், கூப்பிடுகிற பெயரில். அப்புறம் 10-ஆம் வசனம், "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?" கேட்டவன் இல்லை என்ற பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டான். செத்தபின் என்ன அதிசயம், இப்போதே செய்யும் என்கிற அவசரம் அது. அந்தக் கேள்வி அப்படியே பல நூறு வருஷம் தொங்கிக்கொண்டு கிடந்தது. இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் காலையில் கல்லறை காலியாகக் கிடந்ததே, அது அந்தக் கேள்விக்கு வந்த "ஆம்" என்று நான் நம்புகிறேன். கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான், சுகம் கிடைக்கும் கிடைக்காது என்பதை இல்லை. சிலுவையில் இயேசு வாயில் வந்ததும் சங்கீதம்தான், 22-ன் முதல் வசனம், "ஏன் என்னைக் கைவிட்டீர்". அடுத்து 31-ன் ஐந்தாம் வசனம், "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்". முந்தையதைச் சொன்ன வாய்தான் பிந்தையதையும் சொன்னது. அவரிடம் போய் யார் சொல்வார், விசுவாசம் குறைவு என்று?

கேள்விக்குறி தம்பிக்கு: வித்தை என்றால் பலன் தர வேண்டும். ஜெர்மனியில் டீட்ரிச் போன்ஹோஃபர் என்று ஒரு போதகர், ஹிட்லரை எதிர்த்தவர். 1938 நவம்பர் 9 ராத்திரி நாடு முழுக்க யூதர்களின் ஜெப ஆலயங்களுக்குத் தீ வைத்தார்களே, அந்தத் தேதியைத் தன் வேதாகமத்தில் 74-ஆம் சங்கீதம் 8-ஆம் வசனத்தின் ஓரத்தில் எழுதிவைத்தார். அந்த வசனம், "தேசத்திலுள்ள ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்துப்போட்டார்கள்". அடுத்த வசனத்தில் "இது எதுவரைக்கும் என்று அறிகிறவனும் எங்களிடத்தில் இல்லை" என்று இருக்கிறது, பாருங்கள் மறுபடியும் எதுவரைக்கும். 1943 ஏப்ரலில் அவரைப் பிடித்துப் பெர்லின் டேகல் சிறையில் போட்டார்கள், அங்கேயும் தினம் சங்கீதம் வாசித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கில் போட்டார்கள். ஜெர்மனி சரணடைய ஒரு மாதம்தான் பாக்கி. தப்பிக்கவில்லை. அவருக்குச் சங்கீதம் சாந்தி மட்டும் தரவில்லை, யாருடைய வீடு எரிகிறது என்று பார்க்கிற கண்ணையும் தந்தது. மனதைத் தேற்றிக்கொள்கிறவன் அந்தத் தேதியை எழுதமாட்டான், ஜன்னலைச் சாத்திக்கொள்வான்.

கேள்விக்குறி

ஐயா, ஒத்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் "ஜன்னல்" விஷயத்தை யோசிக்கிறேன். காது இருக்கிறவரிடம்தான் கத்த முடியும் என்றாரே மணக்குடிக்காரர், அது எனக்கு வாதமாகத் தெரியவில்லை. இருந்தாலும் எதிர்த்து எழுதவும் கை வரவில்லை.

வசனப்பெட்டி

நான் முதலில் எழுதியதை இப்போது திரும்ப வாசித்தேன். சகோதரி, மன்னித்துவிடுங்கள். சங்கீதம் தப்பில்லை, நான் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக்கொடுத்துவிட்டேன். அப்பா இறந்தபோது எனக்கும் இப்படித்தான் எழுதிக்கொடுத்தார்கள், அப்போது எனக்குப் பிடிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நைட் டியூட்டி

ராத்திரி 3 மணிக்கு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் விடுங்கள். நான் நரம்பியல் வார்டு நர்ஸ், ஸ்ட்ரோக் நோயாளிகள்தான் நிறைய. அக்கா, உங்களுக்கு ஒரு விஷயம். பேச்சு போனவர்களில் சிலருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது, தண்ணீர் என்று கேட்க வராது, ஆனால் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகினது சேர்ந்து சொன்னால் வரும். ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், பாட்டு, ஜெபம் இப்படி. எல்லோருக்கும் வரும் என்று சொல்லவில்லை, வராவிட்டால் மனசு விடாதீர்கள், பேச்சுப் பயிற்சி தருபவரிடமும் கேளுங்கள். அம்மாவுக்கு 23 மனப்பாடமாக இருக்குமே? கேள்வி கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

என் சங்கீதம் 130. "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும்" என்று வருமே, ராத்திரிக் காவல்காரரைச் சொல்கிறது, அது எனக்காகவே எழுதினது என்று நினைத்துக்கொள்வேன். 2 மணிக்கு பிபி, 4 மணிக்கு பிபி, நடுவில் ஒரு பெட்டிலிருந்து மணி என்ன சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இத்தனை வருஷத்தில் விடியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை, எப்போது விடியும் என்றுதான் கேட்பார்கள். 7-ஆம் பெட் கூப்பிடுகிறார், வருகிறேன்.

பழைய உபதேசியார்

எபிரேயத்தில் அந்த ஜாமக்காரர் வரி இரண்டு தடவை வரும் சிஸ்டர். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி பார்க்கிற மாதிரி.

மூத்தமகள் (மூன்று வாரம் கழித்து)

பதில் போடவில்லை என்று நினைக்காதீர்கள், சொல்ல ஏதாவது இருந்தால் வருவோம் என்றிருந்தேன்.

சிஸ்டர் சொன்ன மாதிரி முதல் நாள் 23 சொன்னேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பித்ததும் அம்மா உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நாலாம் நாள், "உமது கோலும்" என்று மூச்சு வாங்க நான் நிறுத்தினபோது, "தடியும்" என்றார். கரகரவென்று, ஆனால் தெளிவாக. நான் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தினம் சாயங்காலம் சேர்ந்து சொல்கிறோம், சில நாள் இரண்டு சொல், சில நாள் பூஜ்யம். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். 23-ல் முதல் மூன்று வசனமும் அவர், அவர் என்றே போகும். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும்தான் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேரே பேச ஆரம்பிக்கிறான். புல்வெளியில் நடக்கும்போது அவரைப் பற்றிப் பேசினான், இருட்டில் அவரிடமே பேசுகிறான். இத்தனை வருஷம் பரிசுக்காக ஒப்பித்ததில் இது கண்ணில் படவே இல்லை.

13-ஐயும் தினம் வாசிக்கிறேன், அம்மா காதுபட, கோபத்தோடேயே. அவருக்கு மனப்பாடம் இல்லாத சங்கீதம், அதனால் சேர்ந்து சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நாலு "எதுவரைக்கும்" வரும்போது என்னையே பார்ப்பார். போன செவ்வாய் பிசியோதெரபி தம்பி வந்து வழக்கம்போல வலது கையைப் பிடித்து மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வலி, முகம் சுளித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று "எதுவரைக்கும்?" என்றார்.

அந்தத் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னும் பத்து தடவைதான் ஆன்ட்டி" என்றார். அம்மா சிரித்தார், ஒரு பக்க வாயால். பிப்ரவரிக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை.

இப்போது அவருக்குச் சொந்தமாக வருகிற சொல் இது ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார். கஞ்சி ஆறவில்லை என்றாலும் எதுவரைக்கும், கரண்ட் போனாலும் எதுவரைக்கும். ஜெபிக்க யாராவது வந்து ஜெபத்தை நீட்டினாலும்.

அட்டையை எடுக்கவில்லை. அதற்குக் கீழே 15-ஆம் வசனத்தை என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். காந்தம் இரண்டையும் தாங்கவில்லை, செல்லோடேப்தான்.